பந்துக்கும் பெயர் உண்டு

செய்தித்தாளைப் புரட்டுங்கள். கடைசிப் பக்கங்களில் விளையாட்டுச் செய்தி இருக்கும். அதில் இப்படி ஒரு வரி வரலாம்:

"கூக்ளி பந்தில் ஒருவர் ஏமாந்தார். யார்க்கர் பந்தில் அடுத்தவரின் ஸ்டம்பு பறந்தது."

எழுத்துக் கூட்டிப் படித்துவிடலாம். கூ-க்-ளி. யா-ர்-க்-க-ர். எழுத்து தெரிகிறது. பொருள் தெரியவில்லை. பலர் அந்த இடத்திலேயே பக்கத்தை மூடிவிடுகிறார்கள்.

இது படிப்பவரின் குறை அல்ல. ஒவ்வொரு தொழிலுக்கும் தனிச் சொற்கள் உண்டு. நெசவாளர் பாவு என்பார், ஊடை என்பார். மீனவர் வாடை என்பார், கொண்டல் என்பார், கச்சான் என்பார். அந்தத் தொழில் தெரியாதவர் கேட்டால் விழிப்பார். ஒருவர் சொல்லிக் கொடுத்தால் உடனே புரிந்துவிடும்.

விளையாட்டுச் சொற்களும் அப்படித்தான். கிரிக்கெட்டில் பந்துக்குப் பெயர் உண்டு. அடிக்கும் பெயர் உண்டு. அந்தப் பெயர்களுக்குப் பின்னால் மனிதர்கள் உண்டு. அவற்றைத் தெரிந்துகொள்வோம்.

ஆடும் இடம்

மைதானத்தின் நடுவே ஒரு நீளமான தரை இருக்கும். அதன் நீளம் 22 கெஜம். அதாவது 66 அடி. அதன் இரண்டு முனையிலும் மூன்று மூன்று குச்சிகள் நட்டிருப்பார்கள். அவைதான் ஸ்டம்புகள். குச்சிகளின் மேல் இரண்டு சிறு கட்டைகள் இருக்கும். அவற்றுக்குப் பெயில்ஸ் என்று பெயர்.

ஒரு முனையில் மட்டையாளர் நிற்பார். மறு முனையிலிருந்து ஒருவர் பந்து வீசுவார். பந்து வீசும் முனையிலும் ஒரு மட்டையாளர் நிற்பார். அடித்த பிறகு இருவரும் முனை மாறி ஓடுவார்கள். அந்த ஓட்டம்தான் ரன்.

ஒருவர் தொடர்ந்து ஆறு பந்து வீசுவார். அது ஓர் ஓவர்.

பந்து எங்கே குத்துகிறது?

பந்து தரையில் குத்தும் இடத்தைப் பாருங்கள். அதை வைத்தே சில பெயர்கள் வந்துவிடும்.

யார்க்கர்: பந்து மட்டையாளரின் கால் விரலுக்கு அருகில் குத்தும். மட்டையைக் கீழே இறக்குவதற்குள் அடியில் புகுந்துவிடும்.

பவுன்சர்: பந்து பாதி வழியிலேயே குத்தும். அங்கிருந்து நெஞ்சு உயரத்துக்கும் தலை உயரத்துக்கும் எழும்பும். தலைக்கவசம் போடுவது இதற்காகத்தான்.

ஃபுல்டாஸ்: பந்து தரையில் குத்தவே குத்தாது. நேராக வந்து சேரும். பெரும்பாலும் அடிப்பதற்கு எளிது.

வீசும்போது கையை எப்படிச் சுழற்ற வேண்டும் என்பதற்கும் விதி உண்டு. முழங்கையை மடக்கி வைத்து, சட்டென்று நீட்டி எறியக் கூடாது. மாமரத்தில் கல் எறிவது அப்படித்தான். அதனால் தவறாக எறிபவரைப் பார்த்து, சில தெருக்களில் பிள்ளைகள் "மாங்கா போடுறான்" என்று கத்துவார்கள். விதிப் புத்தகம் ஒரு பக்கம் முழுக்கச் சொல்வதை அந்த ஒரு சொல் சொல்லிவிடுகிறது.

ஏமாற்றும் பந்துகள்

சில பந்துகள் வேகமாக வராது. ஆனால் குத்தியதும் திரும்பும். இவற்றைச் சுழல் பந்து என்கிறோம்.

வலது கையால் வீசுபவர் விரலால் பந்தைச் சுழற்றினால், வலக்கை மட்டையாளரை நோக்கிப் பந்து உள்ளே திரும்பும். இது ஆஃப் ஸ்பின். மணிக்கட்டால் சுழற்றினால், பந்து அவரை விட்டு வெளியே விலகும். இது லெக் ஸ்பின். கை ஒரு மாதிரி காட்டி, பந்து வேறு மாதிரி திரும்பினால் என்ன ஆகும்? மட்டையாளர் ஏமாறுவார். அப்படிப்பட்ட மூன்று பந்துகளின் கதை இது.

முதலாவது, கூக்ளி. பார்த்தால் லெக் ஸ்பின் போல இருக்கும். வெளியே போகும் என்று நினைப்போம். உள்ளே வந்துவிடும். இங்கிலாந்தின் பெர்னார்ட் போசன்கெட் என்பவர் 1900ஆம் ஆண்டு வாக்கில் இதைக் கொண்டுவந்தார். அவர் மேசையின் மேல் பந்தைக் குத்தி எழும்ப வைத்து விளையாடும் ஒரு வீட்டு விளையாட்டில்தான் இதைப் பழகினார். ஆஸ்திரேலியாவில் அவர் பெயரைச் சுருக்கி, இந்தப் பந்தைப் 'போஸி' என்றும் அழைத்தார்கள்.

இரண்டாவது, தூஸ்ரா. இது கூக்ளிக்கு நேர் எதிர். பார்த்தால் ஆஃப் ஸ்பின். உள்ளே வரும் என்று நினைப்போம். வெளியே போய்விடும். 1990களில் பாகிஸ்தானின் சக்லைன் முஷ்டாக் இதை வீசிப் புகழ் பெற்றார். ஸ்டம்புக்குப் பின்னால் நிற்கும் விக்கெட் கீப்பர் மொயின் கான், "தூஸ்ரா போடு" என்று அவருக்குக் குரல் கொடுப்பார். உருதுவிலும் இந்தியிலும் தூஸ்ரா என்றால் 'மற்றது', 'இரண்டாவது' என்று பொருள். வெளிநாட்டு மட்டையாளருக்கு அது புரியாது. இரண்டு பேருக்குள் இருந்த ரகசியச் சொல் வர்ணனையாளர்களின் காதில் விழுந்தது. இன்று ஆங்கிலம் பேசுபவர்களும் அதைத் தூஸ்ரா என்றே சொல்கிறார்கள்.

மூன்றாவது, கேரம் பந்து. கேரம் பலகையில் காயைச் சுண்டுகிறோம் அல்லவா? அதுபோல நடுவிரலால் பந்தைச் சுண்டி வீசுவார்கள். 2008 ஜூலையில் கராச்சியில் ஆசியக் கோப்பை இறுதி ஆட்டம் நடந்தது. இலங்கையின் அஜந்த மெண்டிஸ் இந்தப் பந்தை வீசினார். 13 ரன் மட்டும் கொடுத்து, இந்தியாவின் 6 பேரை வீழ்த்தினார். கேரம் பந்து என்ற பெயர் எங்கும் பரவியது.

ஆனால் விரலால் சுண்டும் வித்தை அதற்கு முன்பே இருந்தது. ஆஸ்திரேலியாவின் ஜாக் ஐவர்சன் 1950-51ஆம் ஆண்டு ஆட்டங்களில் இப்படித்தான் வீசினார். சென்னைத் தெருக்களில் டென்னிஸ் பந்தை வைத்து ஆடும் பிள்ளைகளும் இப்படி வீசினார்கள். அவர்கள் வைத்த பெயர் 'சொடுக்கு பந்து'. சென்னையைச் சேர்ந்த ரவிச்சந்திரன் அஸ்வின் இந்தப் பந்தைத் தெரு ஆட்டத்தில்தான் கற்றார். டெஸ்ட் ஆட்டங்களில் 537 விக்கெட் எடுத்தார். 2024 டிசம்பரில் சர்வதேச ஆட்டங்களிலிருந்து ஓய்வு பெற்றார்.

அடிகளின் பெயர்கள்

இனி மட்டையின் பக்கம் போவோம்.

அடிக்காமல் மெதுவாகத் தட்டி வைத்தால், நம் தெருவில் "டொக்கு வைக்காதே" என்பார்கள். வட இந்தியாவில் இதையே "டுக்-டுக்" என்பார்கள். இரண்டும் மட்டையில் பந்து படும் சத்தத்திலிருந்து வந்தவை. சத்தம் ஒன்று, காது இரண்டு, சொல்லும் இரண்டு.

நான்கு ரன்னுக்கு இந்தியில் சௌக்கா. ஆறு ரன்னுக்குச் சக்கா. இவை அந்த எண்களிலிருந்து வந்த சொற்கள்.

கபில் தேவ் 1983இல் உலகக் கோப்பையை வென்ற இந்திய அணியின் தலைவர். அவர் இடது காலை மடக்கித் தூக்கி, ஒற்றைக் காலில் சுழன்று பந்தை அடிப்பார். பார்ப்பவருக்குத் தில்லை நடராசர் நினைவுக்கு வருவார். அதனால் அதற்கு 'நடராஜா ஷாட்' என்று பெயர் வந்தது.

இலங்கையின் திலகரத்ன டில்ஷான் முட்டி போட்டுக்கொண்டு, பந்தை அள்ளித் தன் தலைக்கு மேலே பின்னால் அனுப்புவார். 2009இல் அது மிகவும் பேசப்பட்டது. அவர் பெயரையும் அள்ளுதல் என்ற பொருள் தரும் ஆங்கிலச் சொல்லையும் சேர்த்து 'தில்ஸ்கூப்' என்றார்கள்.

மகேந்திர சிங் தோனியின் 'ஹெலிகாப்டர் ஷாட்' பற்றிப் பலரும் கேட்டிருப்பீர்கள். காலடியில் வரும் பந்தை அடித்துவிட்டு, மட்டையைத் தலைக்கு மேல் சுழற்றுவார். ஹெலிகாப்டரின் விசிறி சுழல்வது போல இருக்கும். இந்த அடியைத் தோனி தன் ராஞ்சி நண்பர் சந்தோஷ் லாலிடம் கற்றார். ராஞ்சியில் அதைத் 'தப்பட் ஷாட்' என்று சொன்னார்கள் என்பார்கள். தப்பட் என்றால் கன்னத்தில் விடும் அறை. சந்தோஷ் லால் ஜார்க்கண்ட் அணிக்காக ஆடியவர். 2013இல் நோயால் இறந்தார். அடி உலகம் முழுவதும் தெரியும். கற்றுக் கொடுத்தவரின் பெயர் கொஞ்சம் பேருக்குத்தான் தெரியும்.

ஒரு பெயர் சுமந்த பழி

சந்தோஷ் லாலின் பெயர் மறைந்து நின்றது. இன்னொரு இந்தியரின் பெயர் ஊரெல்லாம் பரவியது. ஆனால் பழியோடு பரவியது. அவர் வினு மன்கட். குஜராத்தின் ஜாம்நகரில் 1917இல் பிறந்தவர்.

பந்து வீசும் முனையிலும் ஒரு மட்டையாளர் நிற்பார் என்று பார்த்தோம். பந்து கையை விட்டுப் போவதற்கு முன் அவர் கோட்டை விட்டு வெளியே போகக் கூடாது. போனால் என்ன ஆகும்? ஓட வேண்டிய தூரம் குறையும். ஓட்டப் பந்தயத்தில் விசில் ஊதும் முன்னே ஓடுவது போன்றது அது. அப்படி அவர் வெளியே போனால், பந்து வீசுபவர் ஸ்டம்பின் பெயில்ஸைத் தட்டிவிடலாம். அவர் ஆட்டமிழப்பார். இது விதி.

1947இல் நாடு விடுதலை பெற்றது. சில மாதங்களில் இந்திய அணி ஆஸ்திரேலியாவுக்குப் போனது. அங்கே பில் பிரவுன் என்ற மட்டையாளர் இப்படி முன்கூட்டியே கோட்டைத் தாண்டினார். முதலில் ஒரு பயண ஆட்டத்தில் மன்கட் அவரை எச்சரித்தார். அவர் மீண்டும் தாண்டினார். மன்கட் அவரை ஆட்டமிழக்கச் செய்தார். டிசம்பர் 13 அன்று சிட்னி டெஸ்ட் ஆட்டத்திலும் பிரவுன் தாண்டினார். மன்கட் மறுபடியும் அதையே செய்தார்.

அங்கிருந்த பத்திரிகைகள் சில மன்கட்டைக் குறை கூறின. ஆஸ்திரேலிய அணியின் தலைவர் டான் பிராட்மன் குறை கூறவில்லை. மன்கட் செய்தது விதிப்படி சரியே என்று பிறகு தன் புத்தகத்திலேயே எழுதினார். ஆனாலும் அந்தச் செயலுக்கு 'மன்கட் செய்வது' என்று பெயர் வந்துவிட்டது. யார் அப்படிச் செய்தாலும் 'மன்கட் செய்துவிட்டார்' என்றார்கள். ஏதோ ஏமாற்று வேலை போலச் சொன்னார்கள்.

ஒரு பாட்டியும் பேரனும் பேசுவதைக் கேளுங்கள்:

"பாட்டி, நேத்து மேட்ச்ல ஒருத்தரை மன்கட் பண்ணிட்டாங்க."

"அப்படின்னா என்னடா?"

"அது ஏமாத்து வேலை பாட்டி. பந்தைப் போடாமலே அவுட் ஆக்கிடுவாங்க."

"அந்த ஆளு எங்கே நின்னாரு?"

"கோட்டைத் தாண்டி வெளியே போயிட்டாரு."

"போகலாமா?"

"போகக் கூடாது."

"அப்போ தப்பு பண்ணினது யாருடா?"

பேரன் யோசித்தான். "தாண்டினவருதான் பாட்டி" என்றான்.

"தாண்டினவரு பேரை வைக்காம, பிடிச்சவரு பேரை ஏன்டா வைச்சாங்க?"

பாட்டி கேட்ட இதே கேள்வியை முன்னாள் வீரர் சுனில் கவாஸ்கரும் கேட்டார். இந்தியாவின் பெரிய வீரர் ஒருவரின் பெயரை இப்படி இழிவாகப் பயன்படுத்தலாமா என்று கேட்டார். பெயர் வைத்தே ஆக வேண்டும் என்றால் பிரவுன் பெயரை வையுங்கள் என்றார்.

மன்கட் யார் என்று பாருங்கள். 1952 பிப்ரவரியில் சென்னையில் இங்கிலாந்தை எதிர்த்து ஆட்டம் நடந்தது. மன்கட் 12 விக்கெட் எடுத்தார். டெஸ்ட் ஆட்டத்தில் இந்தியா பெற்ற முதல் வெற்றி அது. அதே ஆண்டு லண்டன் லார்ட்ஸ் மைதானத்தில் ஓர் ஆட்டத்தில் 72 ரன்னும் 184 ரன்னும் எடுத்தார். 5 விக்கெட்டும் எடுத்தார். 1956 ஜனவரியில் சென்னையில் நியூசிலாந்தை எதிர்த்து, பங்கஜ் ராயுடன் சேர்ந்து முதல் விக்கெட்டுக்கு 413 ரன் குவித்தார். அந்தச் சாதனை 52 ஆண்டுகள் நிலைத்தது. இத்தனையும் செய்தவரை உலகம் எதற்காக நினைவு வைத்தது? ஒரு ரன் அவுட்டுக்காக.

2022இல் ஒரு மாற்றம் வந்தது. கிரிக்கெட் விதிகளை எழுதுவது லண்டனில் உள்ள எம்.சி.சி. என்ற சங்கம். அதுவரை இந்த விதி 'முறையற்ற ஆட்டம்' என்ற பகுதியில் இருந்தது. சங்கம் அதை எடுத்து 'ரன் அவுட்' என்ற பகுதியில் சேர்த்தது. அக்டோபர் 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது. அதாவது, இதுவும் மற்ற ரன் அவுட்டைப் போன்றதே என்று விதிப் புத்தகமே சொல்லிவிட்டது. அதற்கு ஒரு வாரம் முன்பு, செப்டம்பர் 24 அன்று லார்ட்ஸ் மைதானத்தில் பெண்கள் ஆட்டம் நடந்தது. இந்தியாவின் தீப்தி சர்மா இதே முறையில் இங்கிலாந்தின் சார்லி டீனை ஆட்டமிழக்கச் செய்தார். இந்தியா வென்றது. உலகம் முழுவதும் வாதம் நடந்தது. மன்கட்டின் பெயர் மறுபடியும் இழுக்கப்பட்டது. மன்கட் 1978இலேயே இறந்துவிட்டார். பதில் சொல்ல அவர் இல்லை.

மாறிய சொற்கள்

தவறான சொல்லை மாற்ற முடியுமா? முடியும். இரண்டு சான்றுகள் இதோ.

இடது கையால் மணிக்கட்டைச் சுழற்றி வீசும் பந்துக்கு முன்பு 'சைனாமேன்' என்று பெயர். சீனாக்காரன் என்று பொருள். மேற்கிந்தியத் தீவுகள் அணியில் எல்லிஸ் அச்சோங் என்பவர் ஆடினார். அவருடைய முன்னோர் சீனர்கள். 1933இல் மான்செஸ்டரில் அவர் பந்தில் ஓர் இங்கிலாந்து வீரர் ஆட்டமிழந்தார். கோபத்தில் அவரைச் சீனாக்காரன் என்று சொல்லித் திட்டினாராம். அதிலிருந்துதான் இந்தப் பெயர் பரவியது என்பார்கள். சொல் அதற்கு முன்பே இருந்தது என்று சொல்பவர்களும் உண்டு. எப்படியானாலும், ஒரு நாட்டு மக்களின் பெயர் கேலிப் பெயர் ஆகிவிட்டது.

2017இல் கான்பூரில் வளர்ந்த குல்தீப் யாதவ் இந்தியாவுக்காக டெஸ்ட் ஆட வந்தார். அவர் இப்படிப் பந்து வீசுபவர். பத்திரிகைகள் இந்தச் சொல்லை நிறைய எழுதின. இது மனத்தைப் புண்படுத்தும் சொல் என்று ஆஸ்திரேலியாவில் சீன வழியில் வந்த ஒரு பத்திரிகையாளர் எழுதினார். அடுத்த ஆண்டு, 2018இல், விஸ்டன் என்ற புகழ் பெற்ற கிரிக்கெட் ஆண்டு நூல் அந்தச் சொல்லைக் கைவிட்டது. 'இடக்கை மணிக்கட்டுச் சுழல்' என்ற பொருள் தரும் சொல்லை எடுத்துக்கொண்டது.

இரண்டாவது சொல் 'பேட்ஸ்மேன்'. இதில் உள்ள 'மேன்' ஆணைக் குறிக்கும். பெண்கள் ஆடினால் என்ன சொல்வது? 2021 செப்டம்பரில் எம்.சி.சி. விதிப் புத்தகத்தில் அதை மாற்றியது. 'பேட்டர்' என்று எழுதியது. தமிழில் இந்தத் தொல்லை இல்லை. மட்டையாளர் என்றால் ஆணும் உண்டு, பெண்ணும் உண்டு. இலங்கைத் தமிழர் சொல்லும் துடுப்பாட்ட வீரர் என்ற சொல்லும் நல்ல சொல்தான்.

பெயர் வைப்பது யார்?

இந்தச் சொற்களை வைத்தவர்கள் யார்? ஒரு விக்கெட் கீப்பர். தெருவில் ஆடிய பிள்ளைகள். பார்த்து ரசித்தவர்கள். பண்டிதர் கூடி வைத்த பெயர்கள் அல்ல இவை. பேசுகிற எல்லோரும் சொல்லை ஆக்குகிறார்கள்.

ஆக்கும் கைக்குப் பொறுப்பும் உண்டு. ஊரில் கால் ஊனமான ஒருவரை "நொண்டி" என்று கூப்பிடுவார்கள். காலப்போக்கில் அவர் சொந்தப் பெயரே மறந்துவிடும். அவர் நல்ல தச்சராக இருக்கலாம். நல்ல பாட்டுக்காரராக இருக்கலாம். அதெல்லாம் அந்த ஒரு சொல்லில் மறைந்துவிடும். மன்கட்டுக்கு நடந்ததும் இதுதான்.

அடுத்த முறை செய்தித்தாளில் 'மன்கட்' என்று படித்தால், அருகில் இருப்பவரிடம் சொல்லுங்கள்: அது ரன் அவுட். மன்கட் என்பவர் சென்னையில் இந்தியாவுக்கு முதல் டெஸ்ட் வெற்றி தேடித் தந்தவர்.

பயிற்சி

அ. கோடிட்ட இடத்தை நிரப்புங்கள்.

1. கால் விரலுக்கு அருகில் குத்தும் பந்து ________.
2. தூஸ்ரா என்றால் ________ என்று பொருள்.
3. விரலால் சுண்டி வீசும் பந்தைச் சென்னைத் தெருவில் ________ என்பார்கள்.
4. வினு மன்கட் பிறந்த ஊர் ________.

ஆ. விடை எழுதுங்கள்.

1. நடராஜா ஷாட் என்ற பெயர் ஏன் வந்தது?
2. பந்து வீசும் முனையில் நிற்பவர் எப்போது கோட்டைத் தாண்டக் கூடாது?
3. 2022இல் விதிப் புத்தகத்தில் வந்த மாற்றம் என்ன?

இ. கூடிப் பேசுங்கள்.

1. உங்கள் தொழிலில் மட்டும் வழங்கும் ஐந்து சொற்களைக் கரும்பலகையில் எழுதுங்கள். மற்றவர்களுக்குப் பொருள் சொல்லுங்கள்.
2. உங்கள் ஊரில் யாருக்காவது மனம் நோகும் பட்டப்பெயர் உண்டா? அவருடைய உண்மையான பெயர் என்ன? இனி எப்படிக் கூப்பிடலாம்?